சிங்கம் தூங்குது, அத்தான்!

அருஷா, தான்சானியா

அன்புள்ள அத்தானுக்கு,

“அங்க பார்க்க என்ன மாப்ள இருக்கு, வெறும் காடுதானே?” என்று போனில் கேட்டீர்கள். அக்கா பக்கத்தில் இருந்ததால் மரியாதையாகச் சிரித்து வைத்தேன். பதில் இதோ.

செரெங்கெட்டியில் சிங்கம் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை தூங்கும். அது மல்லாந்து கிடக்க, சுற்றிலும் ஜீப்புகளில் வெள்ளைக்காரர்கள் மூச்சு விடாமல் நிற்பார்கள். ஒரு காதை ஆட்டினால் போதும், கேமராக்கள் படபடக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இதே காட்சியை அக்கா இலவசமாகப் பார்க்கிறாள்.

தூங்காத வேட்டைக்காரன் பருந்துதான். எரிமலை ஒன்று உள்வாங்கி உண்டான இங்கோரோங்கோரோ பள்ளம் சுமார் 600 மீட்டர் ஆழம், 260 சதுர கிலோமீட்டர் பரப்பு. யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் உள்ளேயே குடித்தனம். அங்கே குளக்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாய்க்குப் போன கவளம் விரலை உரசிக்கொண்டு வானத்துக்குப் போயிற்று. டிரைவர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் நிதானமாகச் சாப்பிட்டார்.

இங்கே மணிக் கணக்கு விடியலிலிருந்து தொடங்கும். நம் காலை 7 மணி இவர்களுக்கு 1 மணி. “காலை 12 மணிக்குக் கிளம்பலாம்” என்று டிரைவர் சொன்னால் 6 மணிக்கு வாசலில் நிற்பார். திங்கட்கிழமை ராகு காலம் இங்கே ஒன்றரைக்கே வந்துவிடும். பஞ்சாங்கத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அக்காவுக்கு சான்சிபார் தீவுதான். 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கல் நகரத்தில், பித்தளைக் குமிழ் பதித்த கதவுகளைப் பார்த்தே ஒரு நாள் ஓடிவிடும். சாயங்காலம் கடற்கரைப் பூங்காவில் ‘உரோஜோ’ கிடைக்கும்: புளிப்பு மாங்காய்க் குழம்பில் பஜியாவும் உருளைக்கிழங்கும் மிதக்கும். அக்கா இரண்டு கிண்ணம் கேட்பாள்.

செரெங்கெட்டியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் உண்டு. அவை மந்தையாக மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜூலை முதல் செப்டம்பருக்குள் வாருங்கள். குட்டி போடுவதைப் பார்க்க பிப்ரவரி.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். 2019 ஜூனிலிருந்து இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அம்மா தரும் முறுக்கை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். பருந்து விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்ள