பூச்சி மாத்திரை எதற்கு?

கேள்வி: பள்ளியில் பூச்சி மாத்திரை தரப்போகிறார்களாம். மகன் தெம்பாகத்தானே இருக்கிறான், அவனுக்கு எதற்கு?

பதில்: தெம்பு பையனுக்கா, வயிற்றிலிருக்கும் புழுவுக்கா என்பது வெளியே தெரியாதே! கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தத்தை உறிஞ்சும். ரத்தசோகை மெல்லத்தான் தலைகாட்டும். அதனால்தான் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் என்ற இந்தப் பூச்சி மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது.

பள்ளிப் பிள்ளைக்கு 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. அப்படியே விழுங்காமல் நன்றாக மென்று சாப்பிட வேண்டும்.

சிலருக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல் வரும். புழு அதிகமுள்ள வயிற்றில்தான் பெரும்பாலும் இந்த ஆர்ப்பாட்டம். சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

மாத்திரை தரும் நாளில் காய்ச்சலா? ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். குணமானபின், விடுபட்டவர்களுக்கான நாளில் போட்டுக்கொள்ளலாம். புழு மீண்டும் வராமலிருக்க, நகத்தை ஒட்ட வெட்டுங்கள். செருப்பில்லாமல் வெளியே விடாதீர்கள்.