திக்குவாய்க்குப் பயமா காரணம்?

கேள்வி: என் ஆறு வயது மகன் திக்கித் திக்கிப் பேசுகிறான். பயந்த சுபாவமே காரணம் என்கிறார்கள் அயலவர்கள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், போதுமா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: பொருத்தமான சந்நிதிக்கே போயிருக்கிறீர்கள், அம்மா, 1263ஆம் ஆண்டில் பாதுவா நகரில் கல்லறையைத் திறந்தபோது அழியாதிருந்ததாகப் போற்றப்படும் அப்புனிதரின் நாவில் ஒரு சிறு பகுதி அக்கோயிலிலேதான் பேணப்படுகிறது. ஆயினும் உங்கள் பிள்ளையின் நாவில் தோஷமேதுமில்லை. பேச்சை இயக்கும் மூளையின் கால ஒழுங்கு, பெரும்பாலும் பரம்பரையாக வரும் இயல்புகளால், சற்றே பிசகுவதுதான் திக்கலின் மூலகாரணமென்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பயம் அதைப் பெற்ற தாயன்று, வளர்க்கும் செவிலி. திக்கியவனைப் பார்த்து நாலுபேர் நகைக்க, அடுத்த வார்த்தை வருமுன்னரே அச்சம் வந்து நிற்க, அந்த அச்சத்தினாலேயே திக்கல் மேலும் மிகுகிறது. ஆதலால் முதலில் சிகிச்சை வேண்டுவது நகைத்த வாய்களுக்கே. "மெதுவாய்ச் சொல்" என்று அதட்டாமலும், அவன் வாக்கியத்தை நீங்களே முடித்துவைக்காமலும், பொறுமையோடு செவிகொடுங்கள். நேர்த்தியைச் செலுத்துங்கள், அதனோடு, காலதாமதமின்றி ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடமும் அவனை அழைத்துச் செல்லுங்கள்.