கல்லானாலும் கணவன்

ஓய்வு பெற்ற குடும்பஸ்தனுக்கு இரண்டே வழி: அரசியல் பேசலாம், அல்லது தரையைப் பார்த்து நடக்கலாம். முதலாவதற்கு ஊரில் போட்டி அதிகம். அதனால் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

தூத்துக்குடி மாவட்டத்துக்காரனுக்கு அதற்குத் தோதான இடம் தேரி என்னும் செம்மணல் மேடு. ஆடிக் காற்று மேல்மணலை வாரிக்கொண்டு போன கையோடு போனால், நகத்தளவுக் கற்கருவிகள் தலைகாட்டும். சாயர்புரம் தேரியில் இவற்றைச் சேகரித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரி கண்டெடுத்த அதே மனிதர். 1956-ல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தேரிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அடுத்து நான். கல் கிடந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அதன் கதையில் பாதி போய்விடும் என்பதால், எதையும் எடுத்து வருவதில்லை, படம் மட்டும். காய்கறிக் கடைக்குப் போனாலும் இதே கொள்கைதான் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு.

என் ஆய்வுரை சமையலறையில் அரங்கேறும்.

"இதுல எது அம்பு, எது ஜல்லின்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்றாள் படங்களைப் பார்த்த வீட்டுக்காரி.

நல்ல கேள்வி. காற்று மணலைத்தான் தூக்கும், கல்லைத் தூக்காது. எனவே தேரி மேல் செர்ட் கல்லோ குவார்ட்ஸோ கிடந்தால் யாரோ கொண்டு வந்ததுதான். ரோடு போட வந்த லாரியும் அந்த 'யாரோ'வில் சேர்த்தி என்பதால், அடுத்த சோதனை. அடித்துப் பெயர்த்த சில்லில் அடி விழுந்த இடம் சிறு தட்டையாக இருக்கும். அதன் கீழே லேசான புடைப்பு. அங்கிருந்து குளத்தில் கல் விழுந்தாற்போல் அலைவரிகள். சம்மட்டியால் உடைத்த ஜல்லியிலும் இது சில சமயம் வந்து தொலைக்கும். ஆகவே மூன்றாவது சோதனை, விளிம்பு. மாடு மிதித்த கல்லில் பொக்கைகள் கண்டபடி இருக்கும். மனிதன் செதுக்கியதில் ஒரே அளவில் வரிசையாக ஓடும். பிறை வடிவக் கல்லில் நேர்விளிம்பு கூராக இருக்கும், வளைந்த முதுகு வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருக்கும். முதுகைப் பிசின் வைத்து மரத்தண்டில் பதித்தால் அம்பின் முனை தயார், அல்லது பக்கவாட்டு முள்.

"வேணும்னே மழுக்குனதா?" அவள் அருவாமனையை என் பக்கம் திருப்பினாள். "அப்போ இதும் ஆதிமனுசன் செஞ்சதுதான். சாணை பிடிச்சுத் தாங்கன்னு பொங்கல்ல இருந்து சொல்லுதேன்."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பொக்கைகள் கண்டபடி இருந்தன. என் மூன்றாவது சோதனைப்படி அதில் மனிதன் கைபட்ட அடையாளமே இல்லை. அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேச்சை மாற்ற ஆதிமனிதனின் கெட்டிக்காரத்தனத்தை எடுத்துவிட்டேன். அவனுக்குச் சாணையே வேண்டாம். கல் மழுங்கினால் பிசினை இளக்கி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பதித்துக்கொள்வான். தண்டு பாட்டுக்கு இருக்கும்.

அவள் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"புருசன்மாருக்கும் அந்த ஏற்பாடு உண்டுமா?"