தே, தே ஓ, தே சி: ஒரு புள்ளியியல் விசாரணை

நெல்வயல்காரரும் செம்பனைத் தோட்டத்துக்காரரும் ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் கேட்கும் சுங்கை பெசார் ஒட்டுக்கடைகளில், புள்ளியியல் வித்வான்கள் மிகுந்த பிரயாசையுடன் நிர்ணயித்த சாஸ்திரமொன்று சர்வசாதாரணமாகப் புழங்கிவருகிறது என்பதே இவ்வாராய்ச்சியின் பிரதிக்ஞை.

கெட்டிப்பால் தேநீருக்கு 1, பாலில்லாததற்கு 2, இனிப்பில்லாத டின்பால் கலந்ததற்கு 3 என்று இலக்கமிட்டு ஒரு சமன்பாட்டில் புகுத்தினால், மூன்றாவது முதலாவதைப்போல் மும்மடங்கு என்று கணிதம் நம்பிவிடும். ஆதலால் குணம் உண்டெனில் 1, இல்லையெனில் 0 என்று காட்டும் போலி மாறிகளை ஏற்படுத்துவர். மூன்று வகைக்கும் மூன்று மாறிகள் வைத்தாலோ, எந்தக் கோப்பைக்கும் அவற்றின் கூட்டுத்தொகை 1 ஆகி, சமன்பாட்டின் மாறிலி முன்பே சொன்னதையே மறுபடியும் சொல்ல, எது யாருடைய பங்கு என்று பிரிக்கவியலாமல் கணக்கு கைவிரித்துவிடும். ஆகவே ஒன்றை அடிப்படையாக விட்டுவிட்டு இரண்டே மாறிகள் போதும். 1957-இல் டேனியல் சூட்ஸ் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் சஞ்சிகையில் இதனை விளக்கினார்.

நம் கடையிலோ, 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் சீனியுமாகச் சூடாக வந்துவிடும். 'ஓ' பாலை நீக்கும். 'சி' பாலை மாற்றும். 'கோசோங்' சீனியை விலக்கும். 'ஐஸ்' சூட்டைத் தீர்க்கும். யாராவது 'தே ஓ சி' என்று கேட்டால், தண்ணி கலக்குபவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். ஒரே கோப்பையில் இரு பால் மாறிகளும் 1 ஆகலாகாது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான நிரூபணம் எமக்குத் தெரியவில்லை. அகரவரிசையில் முதலில் நிற்பதையே அடிப்படையாக்கும் சில கணினி நிரல்களைவிட, அதிகம் பேர் குடிப்பதைப் பெயரடையின்றி விட்டுவைத்த கடைக்காரரின் தேர்வே விவேகமானது என்பது எமது அபிப்பிராயம்.

விலையும் அவ்வாறே. தே 2 வெள்ளி, 'ஓ' என்றால் 40 காசு குறைவு, 'ஐஸ்' என்றால் 30 காசு கூடுதல் என்று வைத்துக்கொண்டால், தே ஓ ஐஸ் 1 வெள்ளி 90 காசு. ஆனால் 'கோசோங்' இவ்வளவு சாதுவன்று: தே ஓவில் இனிப்பை முற்றும் துடைத்துவிடும் அதே சொல், கெட்டிப்பாலே தித்திக்கும் தேநீரில் பாதிப் பலன்கூடத் தராது. அறிஞர்கள் இதற்கென இரு மாறிகளைப் பெருக்கி, இடைவினை உறுப்பென்று தனியே சேர்ப்பர்.

எஞ்சியவர், வெறும் 'ஆயர் சுவாம்' கேட்டுவிட்டு நாளிதழை விரிக்கும் பெரியவர். தேநீரே கேளாத அவருக்கு எல்லா மாறிகளும் 0 என்று எழுதினால், சூத்திரப்படி அவர் கெட்டிப்பால் தேநீருக்கான 2 வெள்ளியைக் கட்டவேண்டிவரும். அரசாங்கப் படிவங்களின் மரபையொட்டி அவருக்கு 'லாயின்-லாயின்' என்று ஒரு கட்டம் ஒதுக்கியுள்ளோம்.