நான் சுட்ட நான்

தோஹா
2023 ஆகஸ்ட் 4, வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. போன்ல பேசுறதெல்லாம் கச்சான் காத்தோட போயிருது, காயிதத்துல எழுதுன்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறதால எழுதுறேன். வழக்கம்போல நீ சத்தமா வாசி, அம்மா அடுப்படியில இருந்தே கேட்டுக்கும். ரெண்டு எடத்துல மட்டும் "அம்மாவுக்கு வாசிக்காதே"ன்னு போட்டிருக்கேன். அங்க வந்ததும் ரெண்டு இருமல் இருமிட்டு அடுத்த பந்திக்குத் தாவிரு.

எங்க அறையில நாலு கட்டில், நாலு பேர். அதுக்கு மேல ஒரு அறையில ஆள் போடக் கூடாதுன்னு இந்த ஊர்ச் சட்டம். எதிர்க் கட்டில்ல பஞ்சாப் சர்தார் ஒருத்தர். எல்லாரும் "பாஜி"ன்னுதான் கூப்பிடுவோம், அண்ணன்னு அர்த்தமாம். மத்த ரெண்டுல ஒண்ணு பாலக்காட்டுச் சேட்டன், ஒண்ணு நேபாளத்துத் தம்பி. வெள்ளிக்கிழமை லீவு. அன்னைக்குப் பொதுச் சமையலறையில அடுப்புப் பிடிக்கிற சண்டை இருக்கே, நம்ம லயத்துப் பீலிக்கரையில காலையில வாளி வைக்கிற சண்டையெல்லாம் அதுகிட்ட ஒண்ணுமே இல்ல.

இந்த அறையில பெரிய குழப்பமே ஒரு சொல்லாலதான். நான் "நான்"னு சொன்னா அது நான். சேட்டன் "ஞான்"னு சொன்னாலும் அது அவர்தான். பாஜி "நான்"னு சொன்னா மட்டும் அது ரொட்டி! பாரசீக பாஷையில நான்னா ரொட்டின்னே அர்த்தமாம். வந்த புதுசுல ஒருநாள் பாஜி வேலை விட்டு வந்து, பசிக் களையோட "நான், நான், நான்"னு பொலம்பிக்கிட்டுப் படுத்தாரு. மனுசனுக்கு என்னமோ ஞானம் வந்திருச்சுன்னு நெனச்சு நான் கிட்டயே போகல.

அவருக்கு நான் தின்ன ஆசை. "பஞ்சாப்காரர்தானே, சுட வேண்டியதுதானே"ன்னு கேட்டா, வாழ்நாள்ல ஒருக்காக்கூட நான் சுட்டதில்லையாம். அவங்க வீட்டுல தெனமும் சுடுறது ஆட்டா மா ரொட்டிதான். நான் சுடத் தந்தூர்னு ஒரு மண் அடுப்பு வேணும், அது கடைக்காரங்க சமாச்சாரமாம். எனக்கு உடனே வெளங்கிருச்சு. ஹாலிஎலக்காரன் எவன் வீட்டுல கொத்துரொட்டி போடுறான்? பதுளை டவுனுக்குப் போனா வாங்கித் தின்னுறோம், அவ்வளவுதானே.

இருந்தாலும் செஞ்சு பார்த்துருவோம்னு இறங்கினோம். மா வாங்கியாச்சு, ஈஸ்ட் பக்கெட்டும் வாங்கியாச்சு. எனக்கு மட்டும் மனசு ஒப்பல. நம்ம ஊர்க் கணக்குல ஈஸ்ட் போட்டா அது பாண், போடாட்டித்தான் ரொட்டி. ஆட்டோவுல பாட்டுப் போட்டுக்கிட்டு வருமே சூன் பாண், அந்தச் சாதியில ரொட்டியைச் சேக்கிறதான்னு கேட்டேன். (அந்தப் பாட்டு பீத்தோவன்னு ஒரு ஜெர்மன்காரர் போட்டதாம். இங்க ஒரு கடையில அது கேட்டதும் நான் பாண் ஆட்டோவைத் தேடித் திரும்பினேன்.) யாரும் காதுல வாங்கல.

மாவைப் பெனைஞ்சு அறைக்குள்ள வச்சோம். ஏசி பதினெட்டுல ஓடுது. ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத் தெறந்து பார்த்தா, வச்சது வச்ச மாதிரியே இருக்கு. பிள்ளைக் காம்பராவுல மத்தியானம் தூங்குற குழந்தை கெட்டுது போ. ஈஸ்ட்டும் ஒரு உசிருதானே, குளிருல சுருண்டு படுத்திருக்குன்னு சேட்டன் சொன்னாரு. சரி, வெயில்ல வைப்போம்னு முடிவாச்சு.

(இந்தப் பந்தியை அம்மாவுக்கு வாசிக்காதே.) இங்க ஜூன் மாச வெயில் உனக்குத் தெரியாது. நாப்பத்தஞ்சு பாகை. ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரைக்கும், காலையில பத்து மணியிலிருந்து பின்னேரம் மூணரை வரைக்கும் வெளியில ஆளை வேலை வாங்கக் கூடாதுன்னே இங்க சட்டம் இருக்கு. மாவுக்கு அந்தச் சட்டம் இல்லையே! வாளியில போட்டு மூடி மொட்டைமாடியில வச்சுட்டுத் தூங்கிட்டோம். எழும்பினப்போ கீழ ஒரே சத்தம். மாடியில இருந்து கள்ளு நாத்தம் அடிக்குது, எவனோ சாராயம் காச்சுறான்னு யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. இது என்ன ஊருன்னு உனக்குத் தெரியும். கேம்ப் பொறுப்பாளர் எங்க நாலு பேரையும் பிரட்டுக்கு நிறுத்துற மாதிரி வரிசையா நிறுத்திட்டாரு. வாளியைத் தெறன்னாரு. தெறக்கவே தேவையில்ல, மூடியைத் தலையில தூக்கிக்கிட்டு மா தானே வெளிய எட்டிப் பார்த்துச்சு. அந்த மனுசன் ஒரு நிமிசம் மாவைப் பார்த்தாரு, ஒரு நிமிசம் பாஜி தாடியைப் பார்த்தாரு, ஒண்ணும் பேசாம எறங்கிப் போயிட்டாரு. அவர் மேல குத்தம் சொல்ல ஏலாது. கள்ளைப் பொங்க வைக்கிறதும் ஈஸ்ட்டுதான், பாணை ஊத வைக்கிறதும் ஈஸ்ட்டுதான். அதனாலதானே நம்ம ஊருல அப்பத்துக்குக் கள்ளு ஊத்திப் புளிக்க வைக்கிறாங்க. ஒரு தீபாவளிக்கு, அப்பத்துக்கு ஒரு போத்தல் கித்துள் கள்ளு வாங்கியாங்கன்னு அம்மா அனுப்பி, அப்பா மட்டும் நல்லா பொங்கி வந்தாரே, ஞாபகம் இருக்கா? அப்பம் அன்னைக்குக் கல்லு.

இனி அம்மாவுக்கு வாசிக்கலாம்.

அப்புறம் ஈஸ்ட் வேணாம்னு நாலு பேரும் ஒருமனதா முடிவெடுத்தோம். ஈஸ்ட் இல்லாம நானை ஊத வைக்கத் தயிரும் அப்பச்சோடாவும் போதும். தயிர்ல புளிப்பு இருக்கு, சோடா அதோட சேந்ததும் நுரைச்சுக் காத்து விடும், அந்தக் காத்துதான் மாவைத் தூக்குது. தயிர் வாங்க நான் போனேன். மொனராகலைப் பக்கத்துச் சட்டித் தயிர் தின்னு வளந்தவன்னு ஒரு தெம்பு எனக்கு. இங்க "லபன்"னு எழுதியிருந்ததை எடுத்துக்கிட்டு வந்தேன். அது மோர். மாவு கஞ்சியாச்சு. ரெண்டாவது தடவை "லப்னே"ன்னு இருந்ததை எடுத்தேன். அது தயிரை வடிகட்டி வெண்ணெய் மாதிரி ஆக்கினது. மாவு சிமெந்தாச்சு. மூணாவது தடவை நேபாளத் தம்பி போனான். மூணு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை தயிர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அதுல கால்வாசி அப்பச்சோடா, உப்பு, ஒரு சிட்டிகை சீனி, கொஞ்சம் எண்ணெய், வெதுவெதுன்னு தண்ணி. ஒரு மணித்தியாலம் ஈரத்துணி போட்டு மூடி வச்சாப் போதும். ஈஸ்ட் பென்சன்காரரு மாதிரி ஆற அமர வேலை பார்க்கும். சோடா அப்படி இல்ல, கைக்காசுக்கு வந்த ஆளு, வந்த ஒடனே வேலையை முடிச்சுட்டுப் போயிரும். அதனால நீயும் ராத்திரி வரைக்கும் வச்சிருக்கக் கூடாது.

தந்தூருக்கு என்ன பண்ணினோம்னு கேளு. தட்டின நானோட ஒரு பக்கம் நல்லாத் தண்ணி தடவி, காஞ்ச இரும்புக் கல்லுல அந்த ஈரப் பக்கத்தை அப்பணும். அது கல்லைப் பிடிச்சுக்கும். மேல கொப்புளம் கொப்புளமா எழும்புறப்போ, கல்லையே தலைகீழாக் கவுத்து கேஸ் நெருப்புக்கு நேரா காட்டணும். வௌவால் மாதிரி தொங்கிக்கிட்டே நான் வேகும். நெருப்பு படுற எடமெல்லாம் கருப்புப் பொட்டு விழும். கல்லு இரும்பா இருக்கணும், அது முக்கியம். சேட்டனோட ஒட்டாத சட்டியில மொத நானை அப்பிக் கவுத்தோம். பேருக்கேத்த மாதிரி ஒட்டாமலே நேரா அடுப்புக்குள்ள விழுந்துச்சு. "நான் போச்சு!"ன்னு கத்தினேன். பக்கத்து அடுப்புல நின்ன புதுக்கோட்டைக்காரர் ஒருத்தரு, "நான் போறதுக்குத்தானே சாமியாரெல்லாம் தவம் கெடக்காங்க, நீங்க அடுப்புலயே போக்கிட்டீங்களே"ன்னாரு.

(இதையும் அம்மாவுக்கு வாசிக்காதே.) ரெண்டாவது நான், பாஜியோட இரும்புக் கல்லுல சுட்டது, சத்தியமா சொல்றேன், அம்மா ரொட்டியை விட மெதுவா இருந்துச்சு. பஞ்சு மாதிரி. நாலு தின்னேன்.

அன்னையில இருந்து அறையில ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருத்தர் மொறை. பாஜி அவங்க வீட்டு ரொட்டி சுட்டாரு. ஆட்டா மா, தண்ணி, வேற ஒண்ணும் இல்ல. கல்லுல ரெண்டு பெரட்டுப் பெரட்டி நேரா நெருப்புல போட்டா, உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகிப் பந்து மாதிரி உப்புது. சேட்டன் பரோட்டா போட்டாரு. மாவை வீசி, கயிறாத் திரிச்சு, அந்தக் கயித்தைச் சுத்திச் சுத்தி வாலை அடியில சொருகுறாரு. அதைப் பார்த்ததும் எனக்குத் தெமோதர வளையம்தான் ஞாபகம் வந்துச்சு. ரயில் ஸ்டேசனை விட்டு ஒரு சுத்துச் சுத்தி அதே ஸ்டேசனுக்கு அடியில பூந்து வருமே, அச்சு அசல் அதேதான். சேட்டனுக்குச் சொல்லி வெளங்க வைக்க அரைமணித்தியாலம் ஆச்சு, படம் வேற வரைஞ்சேன். தம்பி அரிசி மாவுல வளையல் மாதிரி எண்ணெயில பொரிச்சான். செல் ரொட்டின்னு பேரு, தசைன், திகார் பண்டிகைக்குச் செய்வாங்களாம். பாத்தியா, அதுலயும் ஈஸ்ட் இல்ல.

நாலாவது வெள்ளி என் மொறை. நம்ம ரொட்டி. சுட்டு அடுக்கினதும் பாஜி ஒண்ணை எடுத்துக் கையில நிறுத்துப் பார்த்து, "இது ரொட்டியா, லொறிச் சில்லா?"ன்னு கேட்டாரு. எனக்கு வந்துச்சே கோபம். ரொட்டின்னா என்னன்னு அவருக்குச் சொன்னேன். 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் அங்கேருந்து வந்த அரிசி நின்னுச்சு, அப்புறம்தான் கோதுமை மா நம்ம லயத்துல நல்லாப் பூந்துச்சுன்னு சொன்னேன். 1973, 74 பஞ்சத்துல அந்த மாவும் கெடைக்காம, அம்மாயி மரவள்ளியைச் சேத்துத் தட்டி, ஒரு ரொட்டியை ஆறாப் பிச்சுக் குடுத்ததையும், அதுல ஒரு துண்டு நம்ம அம்மாவுக்கு வந்ததையும் சொன்னேன். தேங்காய்ப்பூ எதுக்குப் போடுறோம்னும் சொன்னேன். அந்த எண்ணெய்ப் பசைதான் மாவை ரப்பரா இழுக்க விடாம வச்சுக்குது. விடியக்காலை மிலாறு அடுப்புல சுட்டதை பத்து மணித் தேத்தண்ணிக்கு மலையில நின்னு பிச்சுத் தின்ன முடியுதுன்னா அதாலதான். பாஜியோட ரொட்டி அந்த நேரத்துக்குள்ள தோலாயிரும். இதையெல்லாம் ஹிந்தியில சொன்னேன். என் ஹிந்தியில எவ்வளவு போய்ச் சேந்துச்சோ தெரியல, கடைசியில அவரு "உங்க அம்மா நல்லா இருக்காங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு.

ஆனா தங்கச்சி, உள்ளதைச் சொல்லணும். நான் சுட்டது லொறிச் சில்லுதான். பலகை. தேங்காய் கடையில பனிக்கட்டியா வாங்கினது, அதை உருக விடாமப் போட்டுட்டேன், தண்ணி கூடிப் போச்சு, மா கூட்டினேன், உப்பு கொறைஞ்சுச்சு. கட்ட சம்பல் மட்டும் சரியா வந்துச்சு. அதைத் தொட்டுத் தின்ன தம்பிக்குக் கண்ணு செவந்து, கரக் கடைக்கு ஓடினான். கரக்னா இங்கத்தித் தேத்தண்ணி. நீங்க கையால கிள்ளிக் குடுக்கிற கொழுந்தை, ஏலக்காயும் டின் பாலும் சீனியும் போட்டு, எலை உசிரு போற வரைக்கும் கொதிக்க விடுறாங்க. நம்ம டீமேக்கர் ஐயா பார்த்தா மயங்கிருவாரு. நான் தெனம் ரெண்டு குடிக்கிறேன்.

வேற விசேசம்: உங்களுக்கு நாளுக்கு ஆயிரம் ரூவா சம்பளம்னு சட்டம் வந்ததும், இங்க மாசத்துக்குக் கொறைஞ்சது ஆயிரம் ரியால்னு வந்ததும் ஒரே மாசம், 2021 மார்ச். சேட்டன்தான் கண்டுபிடிச்சாரு. "ரெண்டும் ஆயிரம்தானே, அப்புறம் ஏன் வந்தே?"ன்னு கேட்டுச் சிரிக்கிறாரு. 2022-ல மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம நின்ன கியூவை அவருக்கு எப்படிச் சொல்றது?

தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நம்ம சனங்க நடக்கிறதா எழுதியிருந்தே. இரநூறு வருசத்துக்கு முந்தி நம்ம பாட்டன் பூட்டன் நடந்த பாதைன்னு இங்க போன்ல படம் காட்டினேன். பாஜி எல்லாப் படத்தையும் பெருசாக்கிப் பார்த்துட்டு, "இவ்வளவு தூரம் நடக்கிறாங்களே, யார் பையிலாவது அந்த ரொட்டி இருக்கா?"ன்னாரு. விசாரிச்சு எழுது.

இப்ப முக்கியமான விசயம். போன வாரம் அம்மாகிட்ட போன்ல அளவு கேட்டேன். "மா ரெண்டு கை, தேங்காய்ப்பூ ஒரு கை, உப்பு கண்ணளவு, தண்ணி பதமா"ன்னுச்சு. பதம்னா என்னம்மான்னா, "பதம்னா பதம்தான்டா"ன்னு வச்சிருச்சு. அம்மா கை எனக்கு இல்ல. என் கை ஏசிப் பைப்பு தூக்குற கை, ரெண்டு கை அள்ளினா அரைக் கிலோ வருது. அதனால நீ ஒரு வேலை செய். நாளைக்கு அம்மா மா அள்ளித் தாச்சியில போட்டதும், வாசல்ல யாரோ கூப்பிடுறாங்கன்னு சொல்லி வெளிய அனுப்பு. அதுக்குள்ள மாவை அப்படியே பையில கொட்டி, கடைத் தராசுல நிறுத்து வாங்கிட்டு வா. தேங்காய்ப்பூவையும் அப்படியே. தண்ணிக்குப் பிள்ளையோட பால் போத்தல்ல கோடு போட்டிருக்கும், அதுல ஊத்தி வச்சிரு, அம்மா எடுக்கிறப்போ எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பார்க்கலாம். மாட்டிக்கிட்டா என் பேரைச் சொல்லாதே.

அடுத்த வெள்ளி மறுபடி என் மொறை. பாஜி இப்பவே தேங்காய் வாங்கி வச்சிருக்காரு, ரெண்டு.

இப்படிக்கு
உன் அண்ணன்

பி.கு.: நீ இருமினா அம்மா நம்பாது, கடுதாசியைப் பிடுங்கி அடுத்த வீட்டுப் பிள்ளைகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லும். அதுக்கு நீயே வாசிச்சிரு. கள்ளு பந்தியை வேகமா வாசி. மத்ததுல "நாலு தின்னேன்"ங்கிறதை ரெண்டுன்னு மாத்திக்க.