21,450 பேரைக் கடனாக அனுப்பிவைக்கக் கோருதல்

அனுப்புநர்: நிலையான முகவரி உள்ள ஒருவன், பெரம்பலூர்.

பெறுநர்: மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: வீடற்றோர் காப்பகம் – தகுதிக்கு ஆள் போதாமை – தொடர்பாக.

ஐயா,

வீடற்றவர்களுக்கு இடம் ஒதுக்கத் தாங்கள் வகுத்த அளவுகோலைக் கண்டு வியந்து எழுதுகிறேன். ஓர் ஊரில் எத்தனை பேருக்கு வீடில்லை என்று தேடி அலைய வேண்டியதில்லை. மொத்த மக்கள்தொகை தெரிந்தால் போதும். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று அதற்கு விதி எழுதியது.

எங்கள் நிலைமை இதுதான். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் நகரில் 49,648 பேர். அரியலூர் நகரில் 28,902 பேர். இரண்டு மாவட்டத் தலைநகரங்களையும் சேர்த்துக் கட்டினாலும் 78,550தான். லட்சத்துக்கு இன்னும் 21,450 பேர் குறைகிறது. 2021இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டதால், இடையில் பிறந்தவர்களையும் காட்ட வழியில்லை.

மாவட்டத் தலைநகரங்களை ஆள் கணக்குப் பாராமல் இயக்கத்தில் சேர்த்துக்கொண்ட தங்கள் பெருந்தன்மையை மறக்கவில்லை. ஆனால் விகிதப்படி வகுத்தால் பெரம்பலூருக்கு 49.648 பேருக்கும், அரியலூருக்கு 28.902 பேருக்கும் இடம் வருகிறது. அந்த ஐம்பதாவது ஆள் தலையை உள்ளே வைத்துக் காலை வெளியே நீட்டிப் படுக்கலாமா என்பதற்குத் தெளிவுரை வேண்டுகிறேன்.

ஆளைக் கூட்ட எங்களாலான யோசனைகள்: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் நடை திறக்கும் திங்கள், வெள்ளியில் மட்டும் கணக்கெடுக்கலாம். சென்னை – திருச்சி சாலையில் போகும் பேருந்துகளை நடுராத்திரியில் மறித்து, தூங்குகிறவர்களைப் பெரம்பலூர்வாசிகள் என்று எழுதிக்கொள்ளலாம். அதுவும் போதாவிட்டால், அரியலூர் சுண்ணாம்புப் பாறையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இடம்பெயராமல் கிடக்கும் கடல் உயிரினங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு பழைய குடியிருப்புச் சான்று வேறு எந்த மாவட்டத்திடமும் கிடைக்காது.

வீடில்லாமல் போவது அரியலூருக்குப் புதிதுமல்ல. 2001 ஜனவரி 1இல் தனி மாவட்டம் ஆனது. 2002இல் அந்த அந்தஸ்து பறிபோய், 2007 நவம்பர் 23 வரை பெரம்பலூரில் ஒண்டிக்குடித்தனம் இருந்தது. அதற்குத் திரும்ப வீடு கிடைத்தது அரசாணையால்தான், மக்கள்தொகையால் அல்ல என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

இனி, ஆள் யார் என்று கேட்பீர்கள். கடை மூடிய பிறகு ஷட்டர் ஓரமாக, சிமெண்ட் சாக்கைப் பிரித்து விரித்துப் படுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். விடியுமுன் டீக்கடைக்காரர் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பார். அதற்குள் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். 2011 பிப்ரவரி 28 இரவு, ஒரே இரவில், நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர் என்று எண்ணினார்கள். இப்படி நகர்ந்துகொண்டே இருக்கிறவர் அந்த ஓர் இரவில் எண்ணுகிறவர் கண்ணில் பட வேண்டும்.

அவர் நூறு பேர் கூடத்துக்கு வரவும் மாட்டார். ‘அங்கே போனா சாக்கையும் புடுங்கிக்குவாங்க’ என்பது அவர் கட்சி. இதற்கும் ஆய்வுலகில் பதில் இருக்கிறது. பின்லாந்து 2008இலிருந்து முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, வைத்தியம், வேலை எல்லாவற்றையும் அப்புறம் பேசுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, மனநலக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்காக இருந்து, போக்கிடம் இல்லாத பெண்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்துக் குடிவைத்தது. ‘ஹோம் அகெய்ன்’ என்று 2015இல் தொடங்கிய திட்டம் அது. சமையல் அவர்களுடையது, சண்டையும் அவர்களுடையது. உதவிக்கு ஒரு பணியாளர் உண்டு. வீடில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சொல்கிறது.

சின்ன ஊருக்குப் பொருந்துவது இதுதான். நூறு பேருக்குக் கூடம் கட்ட இங்கே ஆளில்லை; நான்கு பேருக்கு ஓட்டு வீடு பிடிக்க லட்சம் பேர் தேவையில்லை. வாடகையும், அட்வான்ஸும், வாரம் இரண்டு தடவை கதவைத் தட்டிப் ‘பெரியவரே, மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்க ஒரு சம்பள ஆளும் போதும். ஆகவே, இத்தகைய வீடுகளுக்கு மக்கள்தொகை பாராமல், வீடில்லாதவர் தலையை மட்டும் எண்ணிப் பணம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விதியில் அதற்கு இடமில்லை என்றால், மேற்படி 21,450 பேரை உடனே அனுப்பிவைக்கவும். காப்பகம் கிடைத்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
வாடகை பாக்கியில்லாதவன்

நகல்: மேற்படி 21,450 பேருக்கு. வரும்போது பாய் கொண்டுவரவும்.