பர்ஸைத் தொடாமல் ஊர் சுற்ற

விருந்தாளி வந்தால் தஞ்சாவூர்க்காரருக்குச் செலவுக் கவலை இல்லை. ராஜராஜன் 1010-லேயே எல்லாச் செலவையும் முடித்துவிட்டுப் போய்விட்டான். பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சில்லறை இருந்தால் போதும். 216 அடி விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று விருந்தாளியிடம் அடித்துச் சொல்லலாம். சொல்வதே அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டுதான்!

ஜனவரியில் திருவையாறு. சென்னையில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் வித்வான்களை, தியாகராஜர் ஆராதனையில் காசில்லாமல், காவிரிக் காற்றோடு கேட்கலாம்.

ஆடிப்பெருக்கன்று புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகலாம். இதற்கு மட்டும் மேட்டூரின் தயவு வேண்டும். தண்ணீர் வராத வருஷம் ஆற்று மணலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

மணல் மிச்சமிருந்தால்.